கை கால் விழுந்தவருக்கு எண்ணெய் எப்போது, ஊசி எப்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால், வாசலில் கூடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு நாட்டு வைத்தியரைச் சொல்வார்கள். எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு கிராமம், மலையடிவாரத்தில் பச்சிலை கொடுப்பவர், ஒகேனக்கல்லில் எண்ணெய் போட்டு நீவிவிடுபவர்கள் என்று பட்டியல் நீளும். மீதிப் பேர் "சேலத்துக்குக் கொண்டு போங்க, பெங்களூருக்குக் கொண்டு போங்க" என்பார்கள். எங்கே போவது என்ற பேச்சிலேயே அரை நாள் போய்விடுகிறது. மணி என்ன என்று பார்ப்பவர் குறைவு. பக்கவாதத்தில் எந்த வைத்தியம் என்பதைவிட அதை எந்த நேரத்தில் செய்கிறோம் என்பது பெரிது. முதல் நாளில் ஆளைக் கெடுக்கிற எண்ணெயும் ஒற்றடமும் இரண்டாவது மாதத்தில் அதே ஆளுக்கு உதவக்கூடும்.

முதலில் முதல் சில மணி நேரத்தைப் பேசிவிடுவோம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம். வெடித்து இரத்தம் கசிந்தாலும் பக்கவாதம். வெளியே இரண்டுக்கும் ஒரே முகம்தான்: வாய் ஒரு பக்கம் கோணும், கை தூக்க வராது, பேச்சு குழறும், நடை தள்ளாடும், பார்வை மங்கும். பெரும்பாலானவை அடைப்பு, மீதி கசிவு. இரண்டில் எது என்பதை நாடி பார்த்தோ கண்ணைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்று தெரிந்து, கொடுக்கத் தடையும் இல்லை என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அதற்கு அவகாசம் நாலரை மணி நேரம். ஆல்டிப்ளேஸ் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90; அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஒரே தடவையாகவும் மீதியை ஒரு மணி நேரத்திலும் ஏற்றுவார்கள். டெனெக்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25, அதிகபட்சம் 25, ஒரே தடவையில். பெரிய குழாயில் கட்டி நின்றிருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்தி எடுக்கும் முறை உண்டு. அதை 6 மணி நேரத்துக்குள் செய்வார்கள். ஸ்கேனில் மூளை இன்னும் பிழைக்கும் நிலையில் தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்வார்கள். இதற்கிடையே பெரிய அடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன.

நாலரை மணி நேரம் எப்போதிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பல வீடுகளில் குழப்பம். ஆள் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. இரவு பத்து மணிக்குப் படுத்தவர் காலை ஐந்து மணிக்கு எழ முடியாமல் கிடந்தால் கணக்கு பத்து மணியிலிருந்து. அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஏறுகிறவர் கையில் கொடுங்கள். சந்தேகம் வந்த உடனே, "அப்பா, கொஞ்சம் சிரிங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. உங்க பேரச் சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்தால் போதும். மூன்றில் ஒன்று பிசகினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், "பக்கவாதம் மாதிரி தெரியுது, சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரி வேணும்" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. கிருஷ்ணகிரியில் உள்ளது 2022 ஜனவரியில் திறந்த பதினொரு கல்லூரிகளில் ஒன்று. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மலையிறங்கும் நேரமும் அந்த நாலரை மணிக்குள்தான் அடங்க வேண்டும். வழியில் வைத்தியர் வீட்டில் அரை மணி நேரம் நின்றாலும் அது இந்தக் கணக்கில்தான் கழியும்.

அந்த நேரத்தில் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். கஷாயம், பச்சிலைச் சாறு, இஞ்சித் தேன், ஏன், வெறும் தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசையும் விழுந்திருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். இரண்டு மூன்று நாள் கழித்து வரும் நிமோனியாவுக்கு இது பெரிய காரணம். மூக்கில் சாறு பிழிந்து விடுவதும் அதே ஆபத்துதான். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியால் நேரம் போவதைத் தவிர ஒன்றும் நடக்காது. வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்கக் கூடாது: கசிவாக இருந்தால் அது எரியும் தீயில் எண்ணெய். பி.பி. அதிகமாகக் காட்டுகிறதே என்று மாத்திரை போட்டுத் தாழ்த்துவதும் வேண்டாம். அடைபட்ட இடத்துக்குச் சுற்றுவழியாகப் போகும் கொஞ்ச இரத்தமும் அந்த அழுத்தத்தில்தான் போகிறது. குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையை மட்டும் பார்த்து, வந்த அளவை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் பச்சிலை கொடுத்து எழுந்து நடந்தவர்கள் எல்லாம் பொய்யா என்று கேட்பார்கள். நடந்தது உண்மைதான். நடக்க வைத்தது எது என்பதுதான் கேள்வி. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை மிகவும் இறங்கினால் ஒரு பக்கம் விழுந்தது போலவே இருக்கும். வெல்லம் கலந்த மருந்து உள்ளே போனால் எழுந்துகொள்வார். முகவாதம் என்று ஒன்று உண்டு. முகநரம்பு மட்டும் வீங்கி வாய் கோணும். அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. பத்தில் ஏழு பேருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் முழுதாகச் சரியாகும். (நெற்றியைப் பார்த்து வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள், அது மருத்துவர் பார்க்க வேண்டியது.) இன்னொன்று, வந்து போகும் பக்கவாதம். அடைப்பு தானாகவே விலகி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கை கால் திரும்பிவிடும். இதுதான் மிக ஆபத்தானது. அடுத்த இரண்டு நாளுக்குள் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு இவர்களுக்கே அதிகம். பச்சிலை வேலை செய்தது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர் அந்த இரண்டு நாளையும் மாத்திரை இல்லாமல் கழிக்கிறார். நான்காவதாக, உண்மையான பக்கவாதத்திலும் மூளை தன்னால் மீளும் வேகம் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். வைத்தியரிடம் போகிற காலமும் அதுதான். "பக்கவாதத்தைக் குணமாக்குவோம்" என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. சுவரில் அந்த வாசகத்தைப் பார்த்தால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை வேறு. இங்கே மரபு மருத்துவத்துக்கு இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். எந்த மாத்திரையும் தராத ஒன்றை அது தருகிறது: தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த கையைத் தன் கையில் எடுத்து, அரை மணி நேரம் கவனிப்பது. அதை வீணாக்காமல் பயிற்சியோடு கட்டிவிட வேண்டும்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் முறை, ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பக்கவாதம் வந்தவருக்கு இதில் பிடித்தல், அழுத்தல், அசைத்தல் மூன்றும் மென்மையாகச் செய்யத் தகுந்தவை. முறுக்கலும் இழுத்தலும் வேண்டவே வேண்டாம். தட்டலும் வேண்டாம், சில வாரங்களில் கை மடங்கி இறுகத் தொடங்கும்போது வேகமாகத் தட்டினால் இறுக்கம் கூடும். மெதுவாக நீட்டி, 20 முதல் 30 விநாடி அப்படியே பிடித்திருந்தால் தளரும்.

தைலம் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ சித்த மருத்துவர் சொன்னதைப் பயன்படுத்தலாம். ஒன்றும் இல்லையென்றால் நல்லெண்ணெய் போதும். ஒரு கை, ஒரு காலுக்குச் சேர்த்து 30 மில்லி தாராளம். எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். சூட்டைப் பார்க்க வேண்டியது தேய்ப்பவரின் முன்கையின் உட்புறத்திலும் நோயாளியின் நல்ல கையிலும். விழுந்த பக்கத்துத் தோலுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும். வெந்தாலும் அவருக்குத் தெரியாது. நொச்சி, தழுதாழை, ஆமணக்கு இலைகளை வதக்கித் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒற்றடத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. சூடான மணல் மூட்டை, செங்கல் இரண்டும் இன்னும் மோசம். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அந்தப் புண் ஆறுவதற்குள் ஒரு மாதப் பயிற்சி போய்விடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை துணியை எடுத்துத் தோலின் நிறத்தைப் பாருங்கள்.

தேய்ப்பது விரலிலிருந்து தோளை நோக்கி, பாதத்திலிருந்து தொடையை நோக்கி இருக்கட்டும். கையில் நீர் கோத்திருந்தால் இப்படித்தான் வடியும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்கால் வலியோடு இருந்தால் அன்றைக்குத் தேய்க்கவே கூடாது. படுத்தே கிடப்பவரின் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்து நிமிடத் தேய்ப்பு முடிந்ததும் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், முக்கியமாக உள்ளங்காலில். எண்ணெய்க் காலோடு சிமெண்டுத் தரையில் நிற்க வைத்து விழுந்து இடுப்பு முறிந்தால் பிறகு நடையைப் பற்றியே பேச முடியாது. துடைத்த பிறகு மூட்டுகளை ஒவ்வொன்றாக மெதுவாக அசையுங்கள், ஒவ்வொன்றும் பத்துத் தடவை. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: அவரே செய்யும் பயிற்சி. கட்டிலில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. எதிரே ஸ்டூலில் வைத்த டம்ளரை விழுந்த கையால் எட்டித் தொடுவது. எங்கள் பக்கம் புளி உடைக்கிற வீடு நிறைய உண்டு: கொட்டை எடுத்த புளியை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றச் சொல்லலாம். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் தட்டில் மல்பெரி இலை பரப்பச் சொல்லலாம். மூளை திரும்பக் கற்பது இப்படிப்பட்ட வேலையால்தான். எண்ணெய் அதற்கு உடம்பைப் பக்குவப்படுத்துகிறது, அவ்வளவே. தேய்ப்போடு நிறுத்திக்கொள்கிற வீடுகளில் ஆறு மாதம் கழித்தும் கை அப்படியே இருக்கும்.

ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூடிக்கொள்ளும் கைக்கு மூடவே பழக்குவதில் பயனில்லை. விரலை விரித்துப் பொருளை விடுவதுதான் அவருக்கு வராத வேலை, அதைப் பழக்குங்கள்.

தோள்பட்டை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கை விழுந்ததும் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தொய்ந்துவிடும். எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கி நிற்கும். தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரிந்தால் அதுதான். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தால், அக்குளில் கை கொடுத்து இழுத்தால், தோள் வலி வந்துவிடும். வலி வந்த தோளை அவர் அசைக்கவே மாட்டார். உத்திரத்தில் கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்கும் ஏற்பாட்டைப் பல வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். கப்பி கையை மட்டும் தூக்குகிறது, தோள்பட்டை எலும்பு கூடவே திரும்புவதில்லை. இடையில் தசைநார் நசுங்குகிறது. உட்காரும்போது மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கை, படுக்கும்போது தோளுக்குக் கீழே மடித்த துண்டு: இவ்வளவு போதும்.

ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல் நல்ல உடம்புக்காரருக்குச் சுகம். பக்கவாதம் வந்தவரை அந்த வழுக்குப் பாறைக்கு அழைத்துப் போகாதீர்கள். அங்கானாலும் சலூனில் ஆனாலும் கழுத்தை நெட்டி முறிப்பதை யாருக்குமே செய்யக் கூடாது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அதனாலேயே பக்கவாதம் வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. பென்னாகரம் போல ஃபுளோரைடு தண்ணீர் குடித்த ஊர்ப் பெரியவர்களுக்கு முதுகும் கழுத்தும் ஏற்கெனவே இறுகியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து பல வருடமானாலும் பழைய எலும்பு மாறவில்லை. அப்படிப்பட்டவரை விறைப்பு வாதம்தான் என்று நினைத்து முறுக்கினால் தண்டுவடத்துக்கே கேடு.

உள் மருந்தில் எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை. சீனாவின் மரபு மருந்துகளைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எம்.எல்.சி. 601 என்ற மூலிகைக் கூட்டு மருந்தை 1,100 பேரிடம் சோதித்த சைம்ஸ் ஆய்வு 2013-இல் வெளியானது. மூன்று மாத முடிவில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் இல்லை. மூளைக் கசிவுக்கு அங்கே பரவலாகக் கொடுக்கும் ஒரு மூலிகைக் கஷாயத்தை 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2024-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதிலும் பலன் இல்லை. நம் மருந்துகளையும் இந்தத் தட்டில் நிறுத்தாமல், ஆயிரம் வருடப் பழக்கம் என்பதை மட்டும் சான்றாக ஏற்க முடியாது.

தீங்கு தெளிவாகத் தெரிந்த சில உண்டு. வாதத்துக்கான பழைய மெழுகு, செந்தூரங்களில் பாதரசம் சேரும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் ஜாமா இதழில் எழுதியபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. எட்டிக்கொட்டை சேரும் மருந்துகளில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு இருக்கும். நஞ்சை நீக்கும் சுத்தி முறையைச் சரியாகச் செய்யாவிட்டால் கழுத்து விறைத்து, சிறு சத்தத்துக்கும் உடம்பு உதறும். அது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. லகு விஷமுட்டித் தைலம் வெளிப்பூச்சுதான் என்றாலும் புண்ணில் படக் கூடாது. தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு ஊட்டக் கூடாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். பக்கவாதத்தை வரவழைத்ததே அந்த அழுத்தமாக இருக்கும்போது இது தேவையா? இரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சளைச் சமையலில் சேர்க்கலாம். மாத்திரையாக, சாறாக அதிகம் எடுத்தால் இரத்தக் கசிவு கூடலாம். அதே வேலைக்கான அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் விட்டுவிட்டால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு தாறுமாறாகும், தினமும் ஒரே அளவு என்றால் சிக்கல் இல்லை. பேர் இல்லாத பொடி எதுவானாலும், "ஐயா, இதுல என்னென்ன சேருதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்று மரியாதையாகவே கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம். மருந்து தொடங்கி முகம் உப்பி, பசி கூடி, சர்க்கரை ஏறினால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்போதும் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கும்போது, இரண்டு மருத்துவரும் ஒரே சீட்டைப் பார்க்கும்படி அங்கே போவதே பாதுகாப்பு.

இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து வேலை செய்யும் என்று சொல்பவரிடம் மட்டும் திரும்பப் போகாதீர்கள். பி.பி. மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் இவை விழுந்த கையைத் தூக்குவதற்கானவை அல்ல. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதற்கானவை. நாலு பக்கவாதத்தில் ஒன்று ஏற்கெனவே ஒரு முறை வந்தவருக்கு வருவதுதான்.

பத்தியத்திலும் பார்க்க வேண்டியது உண்டு. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உப்பில்லை, புளியில்லை, முட்டை கறி பருப்பு இல்லை என்று வைத்தால் நல்ல தொடையும் வற்றிவிடும். எழுந்து நிற்கத் தசை வேண்டும், தசைக்குப் புரதம் வேண்டும். உப்பைக் குறைப்பது நல்லது. அடியோடு நிறுத்துவது வேறு. நீர் போகும் வகை பி.பி. மாத்திரை எடுக்கும் வயதானவர் உப்பை அடியோடு விட்டால் சோடியம் இறங்கி, மயங்கி, உளறத் தொடங்குவார். வீட்டார் மறுபடி வாதம் அடித்தது என்று நினைப்பார்கள்.

களியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதுதான் வழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அது தொண்டையில் நின்று மூச்சை அடைக்கும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் நீர் கோத்தது போல் மாறுவது, வாயோரம் வழிவது என்றால் விழுங்குவதில் கோளாறு. ரசம், மோர், காபி, கஷாயம் போன்ற நீர்த்தவைதான் அவருக்கு அதிக ஆபத்து. கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் திரண்டு விழும் பதத்தில் கூழாகக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, நல்ல பக்கத்துக் கன்னத்தில், ஒரு டீஸ்பூன் அளவு. அது இறங்கியதைப் பார்த்து அடுத்தது. முடிந்த பின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தாடையை இறக்குவது எல்லோருக்கும் பொருந்தாது. ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

விழுந்த கை காலில் புறா இரத்தம் பூசுவதில் ஒரு பலனும் கிடையாது. தோலுக்கு மேலே போட்டது மூளையில் செத்த இடத்துக்குப் போக வழியே இல்லை.

செலவில்லாமல் செய்யத்தக்க ஒன்று கண்ணாடிப் பயிற்சி. கை போனவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக இதைக் கண்டவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், பிறகு பக்கவாதத்துக்கும் பயன்பட்டது. ஒன்றரை அடிக் கண்ணாடியை மேசையில் நெஞ்சின் நடுவுக்கு நேராக, இரண்டு கைக்கும் இடையே, முகம் பார்க்கும் பக்கம் நல்ல கையை நோக்கும்படி நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, கண்ணாடியில் தெரியும் நல்ல கையையே பார்த்தபடி விரல்களை மூடித் திறக்க வேண்டும். இரண்டு கையாலும் செய்ய முயல வேண்டும். தினம் அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள், குறைந்தது ஒரு மாதம்.

ஆனால் இதையெல்லாம் குடும்பத்தாரே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே செய்யவைத்த ஆய்வு 2017-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் தெரியவில்லை. இயன்முறை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது: மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிட்டு, இயன்முறை மருத்துவர் வரும் நாளில் தைல பாட்டிலையும் மாத்திரைகளையும் ஒரே தட்டில் எடுத்து வையுங்கள். தோளில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்வரை செய்ய வேண்டிய மூன்று பயிற்சிகளை, எத்தனை தடவை என்ற எண்ணோடு, சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதி வாங்குங்கள்.